61 வயசு அப்பா, 11 வயசுப் பையன், 5 கி.மீ. சாலை ஓட்டம்: மூணு பேரும் சேர்ந்தே ஓட முடியுமா? (மதுரை)

செல்லூர்க்காரி

வணக்கம். பொங்கல் முடிஞ்சு நம்ம ஊர்ல நடக்கிற 5 கி.மீ. ஓட்டத்துக்கு மூணு பேரா பேர் கொடுக்கலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு 61. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு அட்டெனலால். தினமும் முக்கால் மணி நேரம் நடப்பார், ஓடிப் பழக்கம் இல்லை. பையனுக்கு 11, ஃபுட்பால் ஆடுறவன். நான் 33 நிமிஷத்துல 5 கி.மீ. முடிப்பேன். இன்னும் பத்து வாரம் இருக்கு. எங்கே பழகுறது, என்ன வேகம், அப்பாவோட மாத்திரைக்கு எதைக் கவனிக்கணும்? "டாக்டரைப் பாருங்க"ன்னு ஒரு வரியில முடிக்காம விவரமா சொல்லுங்க.

பிடி மாஸ்டர்

வயசு வித்தியாசம் பிரச்சினையே இல்லைம்மா. மூணு பேரும் மூணு விதமா ஓடுவீங்க, அதுதான் பிரச்சினை. பையன் பிச்சுக்கிட்டுப் போவான், நிப்பான், மறுபடி பிச்சுக்குவான். அந்த வயசு அப்படித்தான். அப்பா ஒரே சீரா வருவார். நடுவுல நீங்க முன்னாடியும் பின்னாடியும் பார்த்துக்கிட்டே உங்க ஓட்டத்தையும் கெடுத்துக்குவீங்க. அதனால இன்னைக்கே முடிவு பண்ண வேண்டியது ஒண்ணுதான்: இது யாரோட ஓட்டம்? சேர்ந்து முடிக்கணும்னா அப்பாவோட ஓட்டம். அவர் வேகம்தான் மூணு பேருக்கும். உங்க 33 நிமிஷத்தை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க. இதை வீட்டுலயே பேசி முடிக்கணும். முதல் கிலோமீட்டர்ல "நீங்க பைய வாங்கப்பா, நான் இவனைப் பிடிச்சுட்டு வர்றேன்"னு போனா, அவர் உங்களைப் பிடிக்க எட்டி வைப்பார். மூச்சு வாங்குறது அங்கதான் ஆரம்பிக்கும்.

தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவருக்குப் பத்து வாரம் தாராளம். வாரத்துக்கு மூணு நாள் ஓட்டம், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. மத்த நாள் அவர் வழக்கமான நடை.

முதல் ரெண்டு வாரம்: பத்து நிமிஷம் நடை, அப்புறம் 1 நிமிஷம் மெது ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி எட்டு தடவை. 3, 4-ஆம் வாரம்: 1 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, பன்னிரண்டு தடவை. 5-லருந்து 8 வரை: 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, பத்து தடவை. ஒன்பதாவது வாரம் ஒரே ஒரு நாள் முழு 5 கி.மீ. கடைசி வாரம் இருபது இருபது நிமிஷமா ரெண்டு நாள், அம்புட்டுதான். ஒரு வாரத்துப் பாடம் கஷ்டமா இருந்தா அதையே இன்னொரு வாரம் செய்யலாம், எட்டாவது வாரம் வரைக்கும் நீட்ட இடம் இருக்கு. கடைசி வாரத்துல "விட்டதைப் பிடிக்கிறேன்"னு கூட ஓடுறதுதான் கெண்டைக்கால் சதையைப் பிடிக்க வைக்கும்.

மெது ஓட்டம்னா முழு வாக்கியம் பேச முடியணும். "இன்னைக்கு மார்க்கெட்ல தக்காளி என்ன விலை"ன்னு ஒரே மூச்சுல கேக்க முடிஞ்சா வேகம் சரி. ரெண்டு ரெண்டு வார்த்தையா வந்தா வேகம் அதிகம்.

தெப்பக்குளம் நாலு சுத்து

இடத்தைப் பத்தி நான் சொல்றேன்.

வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், இன்னொரு பக்கம் 290. சுவரை ஒட்டியே அளந்தா 1,190 மீட்டர் வரும். ஆனா யாரும் சுவரை ஒட்டி ஓடுறதில்லை. சுவர்லருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகப் போக, சுத்துக்கு ஆறிலிருந்து எட்டு மீட்டர் கூடும். அஞ்சு மீட்டர் தள்ளி ஓடினா ஒரு சுத்து 1,225 பக்கம், நாலு சுத்துக்கு 4.9 கி.மீ. பத்து மீட்டர் தள்ளினா நாலு சுத்தே 5-ஐத் தாண்டிரும். "நேத்து விட இன்னைக்கு ஒரு நிமிஷம் கூட ஆயிருச்சு"ன்னு அப்பா கவலைப்பட்டா, எந்தப் பக்கமா ஓடினார்னு முதல்ல கேளுங்க. சாயங்காலம் கூட்டமும் தள்ளுவண்டியும் அதிகம். வெள்ளன 5.30-க்கு நல்லா இருக்கும்.

ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையில உள் லேன் 400 மீட்டர், பன்னிரண்டரை சுத்து. அதை வேகமா ஓடுற பிள்ளைகளுக்கு விட்டுருங்க. ஓட்டமும் நடையுமா போறவங்க வெளி லேன்லதான் போகணும். எட்டாவது லேன்ல சுத்து ஏறக்குறைய 453 மீட்டர். பதினோரு சுத்து சுத்தினா 5 கி.மீ.-க்கு 20 மீட்டர் பக்கம்தான் குறையும், எண்ணவும் லேசு. ஒரே திசையில சுத்தினா இடது காலுக்குப் பாரம் கூடும். கூட்டம் இல்லாத நேரத்துல கடைசி ரெண்டு சுத்தை மாத்திச் சுத்தலாம்.

வைகைக் கரைச் சாலை நீளமா நேரா இருக்கும், போட்டிச் சாலை மாதிரியே தரை. ஆனா இப்போ ஐப்பசி, கார்த்திகை. வைகை அணையில தண்ணி திறந்துட்டா யானைக்கல் தரைப்பாலம், ஓபுளா படித்துறைப் பக்கமெல்லாம் அடைச்சிருவாங்க. இக்கரையில போய் அக்கரையில திரும்பலாம்னு கணக்குப் போட்டு வராதீங்க. மழை நாள்ல வேகத்தடையில அடிச்ச மஞ்சள், வெள்ளைப் பெயின்ட் கோடு ரெண்டும் வழுக்கும்.

நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல, பார்க்க ஆசையாத்தான் இருக்கும். அது வண்டிக்குக் கட்டினது. பழகுறதுக்கு வேணாம்.

நாய்: வெள்ளன கறிக்கடைப் பக்கம் கூட்டமா இருக்கும். குரைச்சா ஓட்டத்தை நிறுத்தி நடங்க. பையனை உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சுக்கோங்க. ஓடுறதைத்தான் அது துரத்தும்.

ஒத்தக்கடை

எனக்கு ஒண்ணு புரியலை. காசு கட்டி, நம்பர் குத்தி, ஓட்டப் பந்தயத்துல நடக்கிறதுக்கு எதுக்குப் போகணும்? பத்து வாரம் இருக்குன்னா பெரியவரை நிக்காம ஓடப் பழக்கலாமே.

பிடி மாஸ்டர்

கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. கிலோமீட்டருக்கு 7.30 நிமிஷம் ஓட்டம், 10.30 நிமிஷம் நடைன்னு வைங்க. 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடைன்னா 5 கி.மீ. 41 நிமிஷம் 30 நொடிக்குள்ள முடியும். 1-க்கு 1-ன்னு போனாக்கூட 43 நிமிஷம் 45 நொடி. வித்தியாசம் ரெண்டே கால் நிமிஷம்தான். நிக்காம ஓடுறேன்னு கிளம்பி மூணாவது கிலோமீட்டர்ல மேமூச்சு கீமூச்சு வாங்கி ஒரேயடியா நடக்க ஆரம்பிக்கிறவர், கடைசியில ரெண்டு பேருக்கும் பின்னாடிதான் வருவார்.

நடையை எப்போ ஆரம்பிக்கிறோம்கிறதுதான் சூட்சுமம். களைச்ச பிறகு நடக்கிறது வேற. முதல் ரெண்டு நிமிஷம் முடிஞ்ச உடனே, "எனக்கு இன்னும் தெம்பு இருக்கே"ன்னு தோணும்போதே நடக்கணும். கூட்டத்துக்கு நடுவுல அப்படி நடக்கக் கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சத்தையும் சேர்த்துத்தான் பழகணும்.

ஒத்தக்கடை

கணக்கு சரிதான் மாஸ்டர். ஆனா 20 வயசுப் பயலுக்கு இதைச் சொல்லிராதீங்க, ஓடவே மாட்டான்.

மருந்துக்கடைப் பெஞ்சு

சகோதரி, மாத்திரை விஷயம். மூணும் மூணு விதம்.

மெட்ஃபார்மின் தனியா சுகரை ரொம்பக் கீழே இறக்காது. கிளிமிபிரைடு இறக்கும். சாப்பாடு இல்லாம அதைப் போட்டுட்டு ஓடினா 70-க்குக் கீழே போக வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் காலைச் சாப்பாட்டோட போடுற மாத்திரை அது. ஓடுற நாள்ல முன்னாடி போடணுமா, முடிச்சுட்டுச் சாப்பிடும்போது போடணுமா, அளவைக் குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட இந்தக் கேள்வியையே எழுதிக் கொண்டு போங்க. "ஓடலாமா"ன்னு மட்டும் கேட்டா "ஓடலாம்"னு பதில் வரும், அது போதாது. வீட்டுலயே நீங்களா மாத்த வேணாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி குளுக்கோமீட்டர்ல பாருங்க. 90-க்குக் கீழே இருந்தா 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உள்ளே போன பிறகுதான் தொடங்கணும். ஒரு நடுத்தர வாழைப்பழம் அந்த அளவுக்கு வரும். 250-க்கு மேல இருந்து உடம்பும் அசதியா இருந்தா அன்னைக்கு ஓட்டம் வேணாம். ஓடும்போது உங்க இடுப்புப் பையில குளுக்கோஸ் பொடி இருக்கணும், அவர் பையில இல்லை. தடுமாறுறவர் தானா எடுத்துப் போட மாட்டார். குறைஞ்சா மூணு டீஸ்பூன், சுமார் 15 கிராம், தண்ணியில கலக்கிக் குடுத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. மயக்கமா இருக்கிறவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ஓடி முடிச்ச பல மணி நேரம் கழிச்சும் சுகர் இறங்கலாம், அதனால அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போகக் கூடாது.

அட்டெனலால்தான் பலர் கவனிக்காத இடம். அது நெஞ்சுத் துடிப்பை ஏற விடாது. வாட்ச்சுல 220-லருந்து வயசைக் கழிக்கிற கணக்கு இவருக்குப் பொருந்தாது. துடிப்பு 115-னு காட்டும்போதே அவர் முழு பாரத்துல ஓடிக்கிட்டு இருக்கலாம். மாஸ்டர் சொன்ன பேச்சுச் சோதனைதான் சரி. இன்னொண்ணு: சுகர் குறையும்போது வர்ற படபடப்பையும் கை நடுக்கத்தையும் அந்த மாத்திரை மறைச்சிரும். வியர்வை மட்டும் மறையாது. ஆனா ஓடுறவருக்கு எப்படியும் வியர்க்கும். அதனால நீங்க பார்க்க வேண்டியது பேச்சை. கேட்டதுக்குச் சம்பந்தம் இல்லாம பதில் சொல்றது, சிடுசிடுன்னு எரிஞ்சு விழுறது, நேர் கோட்டுல போகாம சாயுறது. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நிறுத்திட்டுச் சுகரைப் பாருங்க.

முட்டி வலிக்கும்னு முன்கூட்டியே வலி மாத்திரை போட விடாதீங்க. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ரகம் பிரஷரை ஏத்தும், தண்ணி வத்தின நேரத்துல சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

ஓடிட்டு வந்ததும் ரெண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்க. சுகர்க்காரருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாம இருக்கலாம்.

செல்லூர்க்காரி

ரொம்ப நன்றிண்ணே, இப்படித்தான் எதிர்பார்த்தேன். கேள்வியை எழுதி வச்சுட்டேன். ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் ரெண்டும் எடுக்கணுமா? அடுத்து பையன்: அப்பா வேகத்துல அவனை எப்படிக் கட்டிப் போடுறது?

மருந்துக்கடைப் பெஞ்சு

60-க்கு மேல, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, புதுசா ஓட ஆரம்பிக்கிறார். டெஸ்ட் வேணுமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், ஆனா நீங்களே கேளுங்க. ஓடத் தொடங்குறதுக்கு முன்னாடி கேக்கணும், ஒன்பதாவது வாரம் இல்லை. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கம், தாடையில இடது கையில இழுக்கிற மாதிரி வலி இருந்திருக்கான்னு அப்பாகிட்ட நேரடியாக் கேளுங்க. "வாயு"ன்னு சொல்லி மழுப்புவாங்க.

வெள்ளன ஓட்டம்

பையனுக்கு வேலை கொடுங்கக்கா. ரெண்டு நிமிஷம், ஒரு நிமிஷம் மாறி மாறிக் கூவுற வாட்ச்சை அவன் கையில கட்டுங்க. "ஓடு", "நட" சொல்ற அதிகாரம் அவனுக்கு. அந்த வயசுல வேகமா ஓடுறதை விட தாத்தாவை அதட்டுறதுதான் சந்தோஷம். அவனே நேரம் பார்க்கிறதால முன்னாடி ஓடவும் மாட்டான்.

அப்படியும் தெம்பு மிஞ்சும். பயிற்சி முடிஞ்சதும் தனியா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஆறு, ஏழு விரட்டு ஓட்டம் விடுங்க, அதுலயே தணிஞ்சிரும்.

ஸ்கூலுக்குப் போடுற வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுல 5 கி.மீ. சாலையில ஓட விடாதீங்க, அடி அட்டை மாதிரி இருக்கும். வளர்ற கால்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்குறதும் தப்பு, குதிகால் நழுவி உரசும். நின்னு பார்க்கும்போது நீள விரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இருந்தாப் போதும். சாயங்காலம் போய் வாங்குங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம். அப்பாவுக்கும் அதே. ரெண்டு பேரும் அந்த ஷூவுல மூணு வாரமாவது ஓடியிருக்கணும். சாக்ஸ் முழுப் பருத்தியா இருந்தா வியர்வையில நனைஞ்சு கொப்புளம் போடும்.

11 வயசுக்கு 5 கி.மீ. அனுமதி உண்டான்னு விதிமுறையைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க. வயசு எந்தத் தேதிக்குக் கணக்குன்னும் இருக்கும்.

ஒத்தக்கடை

சாப்பாடு? எங்க ஊர்ல முந்தின நாள் ராத்திரி சனிக்கிழமை. புரோட்டா, சால்னா, கறிதோசை எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குமே.

தெப்பக்குளம் நாலு சுத்து

சால்னாவும் முட்டைக் கலக்கியும் ஞாயிறு ராத்திரிக்கு எடுத்து வைங்க. எண்ணெயும் காரமும் வெள்ளன வயித்தைக் கலக்கும், கழிப்பறை வரிசையில நிக்கவே நேரம் போயிரும். இட்லி, தயிர் சோறு மாதிரி ஏதாவது, எட்டு மணிக்குள்ள.

நாப்பது நிமிஷ ஓட்டத்துக்குப் பெருசா எதுவும் தின்ன வேணாம். முக்கால் மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம், பையனுக்கு வேணும்னா ரெண்டு பிஸ்கட். பருத்திப்பால் நல்லதுதான், ஆனா வெல்லமும் தேங்காயுமா வயித்துல கனமா நிக்கும். முடிச்சுட்டுக் குடிங்க. அப்பாவுக்கு அதுவும் அளந்துதான்.

தண்ணி: எந்திரிச்சதும் ஒண்ணரை டம்ளர் பைய குடிச்சிரணும். தொடங்குறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு மடக்கு. ஓடும்போது தாகத்துக்கு மட்டும். ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கினா ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லதான் கலக்கணும், அரை டம்ளர்ல கொட்டிக் குடிக்கிறது தப்பு. சுகர்க்காரருக்கு முடிச்ச பிறகு உப்புப் போட்ட நீர்மோர் போதும்.

வெள்ளன ஓட்டம்

காபி? எனக்கு அது இல்லாம கால் நகராது.

தெப்பக்குளம் நாலு சுத்து

தினமும் குடிக்கிறவர் குடிக்கட்டும். புதுசா அன்னைக்கு ஆரம்பிக்க வேணாம்.

கோரிப்பாளையம் தன்னார்வலர்

ஓட்ட நாள் நடைமுறை கொஞ்சம்.

நம்பர் அட்டை மூணு பேருக்கும் மூணு. வர முடியாதவங்க அட்டையை வேற யாரும் குத்திக்கிட்டு ஓடக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா மருத்துவக் குழுவுக்கு வேற ஆளோட விவரம்தான் போகும். அட்டைக்குப் பின்னாடி ரத்த வகை, மாத்திரை பேர், கூட வராத ஒருத்தரோட போன் நம்பர், மூணையும் பேனாவால எழுதுங்க. அப்பா அட்டையில "சுகர்"னு தமிழ்லயும் பெருசா எழுதுங்க.

நேரம் அளக்கிற சிப் பெரும்பாலும் அட்டைக்குப் பின்னாடியே ஒட்டியிருக்கும். அதை மடக்காதீங்க. நெஞ்சுல நாலு மூலையிலும் ஊக்கு குத்துங்க. மேல தண்ணி பெல்ட்டோ இடுப்புப் பையோ வந்தா சிக்னல் பதியாது, அந்த அலை தண்ணியைத் தாண்டாது. வெடி வெடிச்ச நேரம் வேற, நீங்க கோட்டைத் தாண்டின நேரம் வேற. பின்னாடி நிக்கிறதால நேரம் போகாது, அதனால கூட்டத்துக்குக் கடைசியில இடது ஓரமா நில்லுங்க. முன்னாடி நின்னா பின்னால வர்றவங்க இடிச்சுத் தள்ளுவாங்க. சின்னப் பிள்ளைக்கு அதுதான் பெரிய ஆபத்து.

நடக்கத் தொடங்கும்போது ரெண்டு நொடி முன்னாடியே கையைத் தூக்கி, ஓரமா ஒதுங்கி, அப்புறம் நடங்க. மூணு பேரும் கை கோத்து ரோட்டை அடைக்காதீங்க. அப்பா ஓரம், நீங்க அரை அடி பின்னால, பையன் உங்களுக்கு முன்னால. வேகமானவர் முன்னாடி போனா மெதுவானவர் தன்னையறியாம எட்டி வைப்பார். பின்னால இருந்தா வேகம் அவர் கையில.

தண்ணி கொடுக்கிற மேஜையில முதல் ஆள்கிட்ட எல்லாரும் முட்டுவாங்க. கடைசி மேஜைக்குப் போங்க. கீழே கிடக்கிற பாட்டில் மேல கால் வச்சா கணுக்கால் மடங்கும், பையன்கிட்ட அதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லுங்க.

உங்க வாட்ச் 5.1, 5.15-னு காட்டினா "தூரத்தைக் கூட்டிட்டாங்க"ன்னு சண்டைக்கு வராதீங்க. பாதையை வளைவுகள்ல ஓரத்துலருந்து 30 செ.மீ. விட்டு மிகக் குறைஞ்ச வழியில அளப்பாங்க. நாம வளைஞ்சு நெளிஞ்சு ஓடுறோம்.

பிரிஞ்சு போனா சந்திக்கிற இடம் முன்னாடியே பேசுங்க. "முடிவுக் கோட்டுகிட்ட"ன்னு சொன்னா அங்கே ஆயிரம் பேர் நிப்பாங்க, போனும் கிடைக்காது. தமுக்கம் பக்கம் முடியுதுன்னா தமிழன்னை சிலை மாதிரி நகராத ஒண்ணு.

செல்லூர்க்காரி

கடைசி 200 மீட்டர்ல பையனை விட்டுரலாமா? கோட்டைப் பார்த்தா நிக்க மாட்டான்.

பிடி மாஸ்டர்

பாதையில தடுப்புக் கட்டி, எதிர்ல வண்டி இல்லைன்னா விடுங்க. அவனுக்கும் ஒரு ஓட்டம் வேணும்ல. அவன் நேரம் தனியாப் பதியும். ஆனா அப்பா அவனைத் துரத்தக் கூடாது. கடைசி 200 மீட்டர்ல கைத்தட்டல் கேட்டு 60 வயசுக்காரங்க பாய்வாங்க, அட்டெனலால் போடுறவருக்கு அது ஆகாது. அவர் ரெண்டுக்கு ஒண்ணுலயே வந்து முடிக்கட்டும்.

கோரிப்பாளையம் தன்னார்வலர்

எனக்கு அதுல உடன்பாடு இல்லை மாஸ்டர். முடிவுக் கோட்டுகிட்ட போட்டோ எடுக்க நிக்கிறவங்க கூட்டத்துல 11 வயசுப் பிள்ளை ஓடி வந்து முட்டுறது வழக்கமா நடக்கிறது. 50 மீட்டர்னா சரி, 200 அதிகம்.

பிடி மாஸ்டர்

கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது வீட்டு ஆள் நின்னு பிடிச்சுக்கிட்டா 200 சரி. இல்லைன்னா நீங்க சொல்ற 50.

முடிச்சதும் நேரம் பதியுற விரிப்பு மேலயே நிக்காதீங்க, உக்காராதீங்க. அஞ்சு நிமிஷம் நடக்கணும். ஓடும்போது காலுக்கு இறங்கின ரத்தம் திடீர்னு நின்னா மேல வராது, கிறுகிறுன்னு வரும். அட்டெனலால் போடுறவருக்குக் கூடுதலாவே வரும். பதக்கம் போடக் குனிய வைக்கிறது, ஷூ கயிறு அவிழ்க்கக் குனியுறது எல்லாம் அதுக்கப்புறம்.

வெள்ளன ஓட்டம்

வெயில் பத்தி யாரும் சொல்லலையே. தை மாசம் காலை 20, 21 டிகிரிதான் இருக்கும், விடியவே 6.30 தாண்டும், அதனால இந்த ஓட்டத்துக்குப் பயம் இல்லை. ஆனா இதே ஆர்வத்துல சித்திரையில தொடர்ந்தீங்கன்னா கதை வேற. வெயில்ல ஓடும்போது உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிஞ்சா, உளறினா, தள்ளாடினா உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணி, 108. இருட்டுல பழகுற இந்தப் பத்து வாரம் வெளிர் நிறச் சட்டை போடுங்க, சாலையில வண்டி எதிர்ல வர்ற பக்கமா, அதாவது வலது ஓரமா போங்க.

செல்லூர்க்காரி

முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கம்மா நிப்பாங்க. பையனைப் பிடிக்கிற வேலை அவங்களுக்கு. குளுக்கோமீட்டரும் அப்பாவோட மாத்திரையும் அவங்க பையிலயே இருக்கட்டுமா?

மருந்துக்கடைப் பெஞ்சு

மாத்திரை இருக்கட்டும், சாப்பாட்டு டப்பாவோட சேர்த்து. ஆனா குளுக்கோஸ் பொடியும் மீட்டரும் உங்க இடுப்புப் பையிலதான். மீட்டர் ஸ்ட்ரிப் டப்பா மூடியை நல்லா அழுத்தி மூடுங்க, காத்து ஈரம் பட்டா அளவு தப்பாக் காட்டும். விரல்ல வாழைப்பழம் ஒட்டியிருந்தாலும் கூடக் காட்டும், கையைக் கழுவித் துடைச்சுட்டுக் குத்துங்க.